கழன்ற கவ்வியும் நான் மறைத்த மாத்திரையும்

மகனே, செழியா! இதை நாளை அச்சில் படிக்கப்போகும் விழுப்புரத்துப் பெருமக்களே, திண்டிவனத்துத் தோழர்களே, என் பேச்சைக் கேட்கக் காணையிலிருந்தும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்தும் பேருந்தேறி வந்து தரையில் துண்டு விரித்து அமர்ந்த உழவர்களே! முப்பது ஆண்டுகள் மேடையேறிப் பிறர் செய்த முறைகேடுகளைச் சுட்டிக்காட்டிய நான், இன்று இன்னொரு முறைகேட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். சென்னையில் இரைப்பை மருத்துவப் பிரிவில் உள்நோக்கிக் கருவியோடு பழகித் தேர்ந்த ஒரு மருத்துவன், அந்த வேலையை உதறிவிட்டு எட்டுத் திங்களாகத் திண்டிவனத்தில் ஒரு வாடகை அறையில் அமர்ந்து காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்தெழுதிக்கொண்டிருக்கிறான். தந்தையின் வயிற்றுக்குள் அவன் கை தவறியது என்று ஊர் நம்புகிறது. அவனும் அதையே நம்புகிறான். நம்பவைத்தவன் அவனைப் பெற்றவன். இதுதான் என் குற்றச்சாட்டு. குற்றவாளி இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

இனி உன்னிடம் மட்டும் பேசுகிறேன், மகனே, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இதை நான் விக்கிரவாண்டியில், நம் ஒலிபெருக்கி அந்தோணியின் வீட்டில் அமர்ந்து எழுதுகிறேன். உள்ளறையில் அந்தோணி படுத்திருக்கிறான். பத்து நாள்களாக மலம் தார்போலக் கறுத்துப் போனதை எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். நேற்றுக் காலை வாயிலெடுத்தான். காப்பித் தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்ததாம். இங்குள்ள மருத்துவர் ஊசியும் உப்புநீரும் ஏற்றி நாடியை நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். 'இப்போது நின்றிருக்கிறது, மறுபடி எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, காலம் தாழ்த்தாமல் சென்னைக்குக் கொண்டுபோய் உள்ளே பார்த்துவிடுங்கள்' என்கிறார். அந்தோணி போக மறுக்கிறான். ஏன் மறுக்கிறான் என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் பின்னோக்கிப் போக வேண்டும்.

மேடையேறும் நாளில் நான் உண்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வயிறு நிறைந்தால் குரல் கனத்துவிடும் என்று இளமையில் எவரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். காலையில் குடித்த நீராகாரத்தோடு மாலை ஆறு மணி வரை இருப்பேன். உனக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. மேடைக்குப் பின்னால் அந்தோணியின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள், பியூஸ் கம்பிகளுக்கும் திருப்புளிக்கும் நடுவே, ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கும். அதில் தலைவலி மாத்திரைகள். ஏறுமுன் இரண்டு, சோடாவோடு. இரண்டு மணி நேரம் நின்று முழங்கினால் வரும் தலையிடியும் இடுப்பு வலியும் வருமுன்னே தடுத்துவிடலாம் என்பது என் கணிப்பு. காலப்போக்கில் இரண்டு மூன்றானது, மூன்று நான்கானது. ஒலிபெருக்கிக் குழாய்களைத் தோளில் சுமந்து பனைமரத்திலும் கம்பத்திலும் கட்டி இறக்குகிறவன் அந்தோணி, அவனுக்கும் முதுகுவலி. "ஐயா போடுற மாத்திரைதான, நானும் ஒண்ணு போட்டுக்கறேன்" என்று அவனும் தொடங்கினான். ஊர் ஊராகப் போய் நல்ல தமிழ் பரப்பினோம் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்.

நீ மருத்துவம் படிக்கப் போனபோது நான் ஒரு கிழமை உன்னோடு பேசாமல் இருந்ததை மன்னித்துவிட்டாய். ஆங்கில நூல்களை வீட்டுக்குள் அடுக்கினாய் என்பதற்காகச் சினந்தேன். பிறகு நானே இறங்கி வந்து, நீ படிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தமிழ்ப்பெயர் கேட்டு உன்னை வாட்டினேன். எண்டோஸ்கோப் என்றாய், உள்நோக்கி என்றேன். குருதி பீறிடும் குழாயைப் பிடித்து நிறுத்தும் நகத்தளவு உலோகத் துண்டு ஒன்று சப்பானிலிருந்து வந்திருக்கிறது, கிளிப்பு என்பார்கள் என்றாய், கவ்வி என்றேன். உன் தாய் சோறு போட்டுக்கொண்டே, "பேரு வெச்சி முடிச்சிட்டீங்கன்னா கொழம்ப ஊத்திக்கினு சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றாள். நாம் மூவரும் சிரித்தோம். அந்தக் கவ்வி என் வயிற்றுக்குள்ளேயே ஒரு நாள் வரும் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டுப் பங்குனியில் அது வந்தது. அந்தோணி இப்போது மறைத்ததைப் போலவே நானும் கறுத்த மலத்தை மறைத்தேன். ஒரு காலை, கிணற்றடியில் பல் துலக்கும்போது கண் இருண்டது, கல்லெல்லாம் குருதி. விடுமுறைக்கு வந்திருந்த நீதான் என்னை வாடகை மகிழுந்தில் கிடத்தி, திண்டிவனம் கடந்து, செங்கற்பட்டு கடந்து, என் கைந்நாடியை விடாமல் பிடித்தபடி சென்னை சேர்த்தாய். உன் தலைமை மருத்துவர் கவ்வி போட முடிவு செய்தார். அதற்கு முன் நீ என் கட்டிலில் வந்து அமர்ந்து சொன்னவற்றை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. "அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. இது பழைய புண்ணு. அடித்தளம் தோல் மாதிரி கெட்டியாகிக் கெடக்குது. கவ்வி சரியா கடிக்காமப் போகலாம். கடிச்சாலும் நாலு நாள்ல கழண்டு விழலாம். விழுந்தா மறுபடி ரத்தம் வரும். ரொம்ப அரிதா குடல் சுவரைக் கிழிச்சிடவும் கூடும். அப்படி ஆனா ஆபரேசன்தான். இவ்வளவும் தெரிஞ்சிதான் நீங்க சரின்னு சொல்லணும்." என் மொழியில், எதையும் மறைக்காமல் சொன்னாய். அதோடு இரண்டு கட்டளைகள்: ஒரு திங்கள் மேடை கூடாது, இரைப்பையை அரிக்கும் தலைவலி மாத்திரையை வாழ்நாளில் தொடக்கூடாது. நான் உன் கையில் அடித்து உறுதி சொன்னேன். "உள்நோக்கின்னு பேரு வெச்சது நீங்கதான, அப்ப வாயத் தெறங்க" என்று நீ சொன்னபோது அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குழாயை உன் தலைவர் செலுத்தினார். கவ்வியின் கைப்பிடி உன் கையில் இருந்தது. அவர் "அழுத்து" என்றார். நீ அழுத்தினாய். எனக்குள் எதுவும் தெரியவில்லை. ஆனால் அறையில் எல்லாரும் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒன்றாக விட்டது கேட்டது. குருதி நின்றுவிட்டது. நின்றது, மகனே! இதை நீ எட்டுத் திங்களாக மறந்துவிட்டாய். உன் கை அழுத்திய அந்தக் கவ்வி, சாகக் கிடந்த ஒருவனை எழுப்பி உட்காரவைத்து, ஆறாம் நாள் தன் காலால் நடந்து விழுப்புரம் பேருந்தில் ஏறச் செய்தது.

எட்டாம் நாள் திண்டிவனத்தில் கூட்டம். சுவரொட்டி முன்பே ஒட்டப்பட்டிருந்தது. கடைவீதி முழுதும் என் பெயர். உன் தாயிடம், மேடையில் சும்மா அமர்ந்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. "மைக்கு முன்னால ஒக்காந்துக்கினு சும்மா இருக்குற ஆளா நீங்க?" என்றாள். போனேன். கூட்டம் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கோ எட்டு நாள் கஞ்சியில் உடம்பில் வலுவில்லை. பின்னால் போய் அந்தோணியின் பெட்டியைத் திறந்தேன். "ஐயா, தம்பி வேணாம்னு சொன்னாராமே" என்று அவன் என் கையைப் பிடித்தான். "தம்பிக்குத் தெரியாது, நீ சோடாவை உடை" என்றேன். நான்கு மாத்திரைகள், வெறும் வயிற்றில். இரண்டு மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளில் சிறந்த பேச்சு அது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கைதட்டல் ஓயுமுன் மேடைக்குப் பின்னால் மண்டியிட்டுக் குருதி கக்கினேன்.

அந்தோணி குழாய்களைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, மைக்செட் வண்டியில் என்னைப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ஓட்டினான். அங்கே வயிற்றைத் திறந்து, புண்ணிருந்த பகுதியை அறுத்து எடுத்தார்கள். ஊடுகதிர்ப் படத்தில் கவ்வி இரைப்பையில் இல்லை. கீழே குடலில் ஒரு சிறு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நீ சென்னையிலிருந்து வந்து அந்தப் படத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாய். பிறகு அறுவை மருத்துவர்கள் முன்னிலையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "அப்பா, மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஆயிரம் மேடைகளில் நான் பேசியது ஒரு பக்கம். அந்த ஒற்றைச் சொல் மறுபக்கம். நீ தலையசைத்தாய். படத்தைக் கீழே வைத்துவிட்டு உன் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாய். கைப்பிடியை அழுத்திய கை. 'நான் கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டேன் போல' என்று நீ மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். மருத்துவர்கள் நின்றிருந்தார்கள், உன் தாய் நின்றிருந்தாள், ஊரறிந்த பேச்சாளன் மகனுக்குக் கொடுத்த உறுதியை எட்டாம் நாள் மீறினான் என்று எப்படிச் சொல்வது என்ற நாணம் வாயை அடைத்தது. வெளியே நின்ற அந்தோணியிடம், எவரிடமும் மூச்சு விடாதே என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதம் உனக்கு மட்டும் உரியதாக இருந்திருக்கும். உடம்பு தேறி மீண்டும் மேடையேறியதும் நான் செய்ததைக் கேள். விழுப்புரத்தில் ஒரு கூட்டம்; என் உடல்நலம் பற்றிக் கேட்டு ஒரு சீட்டு வந்தது. அயல்நாட்டு மோகத்தைச் சாட வாய்ப்புக் கிடைத்ததென்று, "சப்பானிலிருந்து ஓர் இரும்புத் துண்டு வந்தது, என் வயிற்றில் போய் உட்கார்ந்தது, எட்டு நாள் தங்கிவிட்டு, ஊர் பிடிக்கவில்லை என்று கழன்று போய்விட்டது!" என்றேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பின் சுவை கண்ட நாக்கு சும்மா இருக்குமா? காணையில் சொன்னேன், திருவெண்ணெய்நல்லூரில் சொன்னேன், ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அடுத்த முறை நீ ஊர் வந்திருந்தபோது, பேருந்து நிலையத் தேநீர்க் கடைக்காரர் உன்னைப் பார்த்து, "இன்னா டாக்டரே, அது துணி காயப்போடுற கிளிப்பா, இல்ல பொம்பளைங்க தலையில குத்திக்கிற கிளிப்பா?" என்று கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீ தேநீரை முழுதாகக் குடித்து முடித்துக் குவளையை வைத்துவிட்டு நடந்தாய். அந்தத் திங்களே வேலையை விட்டு விலகினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை; விடை எனக்குத் தெரியும்.

நேற்று அந்தோணியின் மனைவி லூர்து ஆளனுப்பியதும் ஓடி வந்தேன். சென்னைக்குப் போ, உள்நோக்கியில் பார்ப்பார்கள், தேவையென்றால் கவ்வி போட்டு நிறுத்துவார்கள் என்றேன். அந்தோணி படுத்தபடியே என்னைப் பார்த்தான். "ஐயா, அது நிக்காது, கழண்டுக்கும்னு நீங்களே சொன்னீங்க. என் மைக்குலதான சொன்னீங்க. எத்தினி ஊருல கேட்டிருக்கேன்! இப்ப என்னைப் போட்டுக்கினு வரச் சொல்றீங்களே, இது இன்னா நாயம்?" என்றான். "நான் மாத்திரை தின்றது உனக்குத் தெரியுமே" என்றேன். "தெரியும். ஆனா, மாத்திரையாலதான் போச்சுன்னு நீங்க ஒரு நாளும் சொல்லலியே. அது தம்பியோட கைப்பிசகுன்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். லூர்து கதவோரம் நின்றபடி, "மாத்திரை போட இவருக்குச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான், கிளிப்பு போடாதன்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். நடுவுல நாங்க எங்கங்க போறது?" என்றாள்.

அங்கேயே, அவர்கள் இருவர் முன்னும், உடன் வந்திருந்த உன் தாயின் முன்னும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்ட கேள்வியை, நான் சொன்ன பொய்யை. உன் தாய் அழவில்லை. "ஊரே கேக்குறாப்புல பொய் சொன்னீங்க, இப்ப நாலு சுவத்துக்குள்ள உண்மை சொன்னா ஆச்சா? அந்த வாயாலயே ஊருக்கெல்லாம் சொல்லுங்க. மொதல்ல புள்ளைக்குச் சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தத் தாள்கள். ஒரு படி உன் கைக்கு; இன்னொரு படி விழுப்புரத்தில் நம் அச்சகத்துக்குத் துண்டறிக்கையாகப் போகிறது. இனி நான் ஏறும் முதல் மேடையில் இதுதான் என் பேச்சு. எந்த ஊர்களில் சிரிக்கவைத்தேனோ அந்த ஊர்கள் அத்தனையிலும் நின்று சொல்வேன். என் குரலுக்கு அந்த வலு இன்னும் இருக்கிறது.

உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்ததை நான் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். கவ்வி தானாகவும் கழன்றிருக்கலாம். மாத்திரைதான் கழற்றியது என்று என்னால் உறுதியிட்டுச் சொல்ல முடியாது. நேற்று மாலை அஞ்சலகத்திலிருந்து சென்னையில் உன் தலைமை மருத்துவரோடு தொலைபேசியில் பேசினேன். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர், "கெட்டியான பழைய புண்ணில் சில கவ்விகள் விழத்தான் செய்யும், ஐயா. எனக்கும் விழுந்திருக்கின்றன. ஏன் விழுந்தது என்று தெரிந்தால்தான் அடுத்ததைச் சரியாகப் போட முடியும். நீங்கள் அதைத்தான் அவனிடமிருந்து மறைத்துவிட்டீர்கள்" என்றார். ஒரு பேச்சாளனை ஒரு மருத்துவர் இதைவிடச் சுருக்கமாகச் சாட முடியாது. நாளைக் காலை அந்தோணியைப் பார்க்க இடம் ஒதுக்கியிருக்கிறார். கைப்பிடிக்கு ஆள் உண்டா என்று கேட்டேன். "அவன் வந்தால் உண்டு" என்றார்.

உன் வேலைக்கு என்னிடமிருந்து ஓர் அறிவுரை எடுத்துக்கொள். நான் பட்டுத் தெளிந்த அறிவுரை. நோயாளியிடம் மாத்திரை எடுத்தாயா என்று பலர் நடுவில் கேட்காதே. தனியே கேள். ஒருமுறை இல்லையென்றால் மறுநாள் கேள். பிறகு அவன் மனைவியைக் கேள். அவன் சட்டைப்பையைப் பார். பெரிய மனிதன் என்று ஊர் சொன்னால் இன்னும் கூடுதலாகப் பார். உன் தந்தையிடம் நீ கேட்டது சரியான கேள்வி, மகனே. விடையை நம்பியதுதான் பிசகு. அந்தப் பிசகும் மகன் என்பதால் செய்தது, மருத்துவன் என்பதால் அன்று.

அந்தோணிக்கு நான் எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. நீ அன்று என்னிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன்: கடிக்காமல் போகலாம், கழன்று விழலாம், கிழிக்கவும் கூடும், அறுவை வரை போகலாம். முழுதும் கேட்டான். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "செரி. தம்பி வரட்டும். அவரு கையால அழுத்தறதா இருந்தா நான் ஏறிக்கினு வர்றேன். ஐயா வயித்துல மாத்திரை போடற வரைக்கும் எட்டு நாளு நின்னுதுல்ல! நான் மாத்திரையத் தொடமாட்டேன், எனக்கு நல்லாவே நிக்கும்" என்றான். நீ வராவிட்டால் போகமாட்டான். லூர்து கெஞ்சிவிட்டாள், நான் கெஞ்சிவிட்டேன், அவன் அசையவில்லை. என்னை ஒரு நாள் குருதியோடு வாரிப்போட்டு ஓட்டிய மனிதன் அவன்.

இந்தத் தாள்களோடு உன் தாய் கொண்டுவருவது அந்தத் தகரப் பெட்டி. திறந்து பார், மிச்ச மாத்திரைகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. உன் கைப்பிசகு என்று நீ நம்பியதற்கு மறுசான்று அதுதான். பார்த்ததும் குப்பையில் போடு. என்னைத் திட்டவேண்டியதைச் சென்னையிலிருந்து திரும்பும்போது திட்டு, முழுதும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது அதற்கு நேரமில்லை. மைக்செட் வண்டியில் குழாய்களை இறக்கிவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். திண்டிவனம் வரை மட்டும் வர அந்தோணி இசைந்திருக்கிறான்; அவனோடும் லூர்துவோடும் நான் அதில் ஏறிவிட்டேன். நீ இதைப் படித்து முடிக்கும்போது வண்டி திண்டிவனம் நெடுஞ்சாலை முனையில், சென்னையை நோக்கி நின்றிருக்கும். காத்திருக்கும் காய்ச்சல்காரர்களை அடுத்த தெரு மருத்துவரிடம் அனுப்பு. அறையைப் பூட்டு. சாவியை உன் தாயிடம் கொடு. முனைக்கு வா, வண்டியில் ஏறு, அந்தோணியின் கைந்நாடியைப் பிடி.

எழு, மகனே. இப்போதே!